"நடிக்கப் போறேன்" என்று பிள்ளை சொன்னால்...



கொஞ்சம் நீளமான பதிவு. வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீட்டார் பொறுமையாக வாசியுங்கள்.

"சேர், நடிக்கிறதுக்கு எங்க போகணும்? யாரைப் பிடிக்கணும்?"

இந்தக் கேள்வி இப்போது எங்களிடம் அடிக்கடி வருகிறது. பாடசாலையில் நேருக்கு நேர் கேட்பவர்கள் குறைவு. ஏ.எல் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் இரவு பத்து மணிக்குப் பிறகு மெசஞ்சரில் கேட்பார்கள். கடைசியில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: "வாப்பாட்ட சொல்லிராதீங்க சேர்."

ஆசிரியர்களாகிய எங்களைக் கவலைப்படுத்துவது அந்தக் கேள்வி அல்ல, அந்தக் கடைசி வரிதான்.

வீட்டில் கேட்க முடியாத கேள்வியைப் பிள்ளை வெளியில் கேட்கும். வெளியில் பதில் சொல்லப் பலர் காத்திருக்கிறார்கள். அங்கே பதில் சும்மா கிடைக்காது, காசு கொடுக்க வேண்டும். சில நேரம் காசை விடப் பெரியதையும் கேட்பார்கள்.

எங்களிடம் படித்த ஒரு பையன் பேஸ்புக்கில் "புதுமுகங்கள் தேவை" என்ற விளம்பரத்தைப் பார்த்து வட்ஸ்அப்பில் பேசியிருக்கிறான். முதலில் பதிவுக் கட்டணம் என்று ஐயாயிரம் ரூபாய். பிறகு போட்டோ எடுப்பதற்கு என்று பதினைந்தாயிரம். மூன்றாவது தடவை கொழும்புக்கு வரச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் சொன்ன முகவரியில் அப்படி ஓர் அலுவலகமே இல்லை. அந்தக் காசு உம்மாவின் சீட்டுக் காசு. இன்று வரை வாப்பாவுக்குத் தெரியாது. அவனுக்கு நடிப்பு வருமா வராதா என்று அந்த மூன்று மாதத்தில் ஒருவரும் பார்க்கவில்லை. ஒரு வசனம்கூடப் பேசச் சொல்லவில்லை.

இதைப் படித்ததும் சிலர் "இதனாலதான் சொல்றோம், இந்த வேலையே வேணாம்" என்பார்கள். நடிப்பு மார்க்கத்தில் எதுவரை கூடும், எது கூடாது என்பதை உலமாக்களிடம் கேளுங்கள். அது எங்கள் பாடம் அல்ல. ஆனால் வேண்டாம் என்று நினைக்கிற பெற்றோரும் பிள்ளையோடு உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். ஏசி அடக்கினால் ஆசை அடங்காது, மறைந்துதான் போகும். மறைந்து போகிற பிள்ளைதான் ஏமாறுகிறது. பேசுவதற்கு விஷயம் தெரிய வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் எங்களுக்குத் தெரிந்ததைக் கீழே எழுதுகிறோம். பிள்ளைகளும் வாசிக்கலாம்.

*முதலாவது: வருமானம்.*

இதை மறைக்கக் கூடாது. இந்நாட்டில் தமிழில் நடித்து மட்டும் குடும்பம் நடத்துகிறவர்களை விரல் விட்டு எண்ணலாம். நேத்ரா, வசந்தம், சக்தி என்று தமிழ் அலைவரிசைகள் இருக்கின்றன. ஆனால் மாலை நேரத்தில் அவற்றில் ஓடுவது பெரும்பாலும் இந்தியத் தொடர்களும் படங்களும்தான். உள்ளூர்த் தயாரிப்பு குறைவு என்றால் உள்ளூர் நடிகருக்கு வேலையும் குறைவு. ஆகவே வேலையையும் படிப்பையும் விட்டுவிட்டு நடிக்கப் போ என்று நாங்கள் எந்தப் பிள்ளைக்கும் சொல்வதில்லை. கையில் ஒரு தொழில் இருக்கட்டும். கணக்கு, கணினி, தையல், வயரிங், ஆசிரியத் தொழில், எதுவாகவும் இருக்கலாம். வயிற்றுக்கு வேறு வழி இருக்கிறவன் கேவலமான நிபந்தனைக்கு "முடியாது" என்று சொல்லலாம். மாதக் கடைசியில் வாடகைக்குத் தவிக்கிறவனால் அது முடியாது.

பிள்ளைகள் எங்களிடம் விஜய் சேதுபதியின் பெயரைச் சொல்வார்கள். அவருடைய கதையை முழுவதும் பாருங்கள். டுபாயில் கணக்கு வேலை பார்த்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பியவர். ந. முத்துசாமி 1977 இல் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவில் கணக்காளராகச் சேர்ந்தார். அங்கே நடிகர்கள் பயிற்சி எடுப்பதைப் பார்த்துப் பழகினார். படங்களில் கண்ணுக்குத் தெரியாத சின்ன வேடங்களில் வந்தார். கதாநாயகனாக நடித்த 'தென்மேற்குப் பருவக்காற்று' 2010 இல்தான் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 32. எமது ஊரில் கட்டார், டுபாய் என்று போய் வந்தவர்களுக்கு இந்தக் கதையின் முதல் பாதி நன்றாக விளங்கும்.

இன்னும் சிலர் "லொஸ்லியாவைப் பாருங்க சேர்" என்பார்கள். உண்மைதான், 2019 பிக்பொஸ்ஸில் நமது நாட்டுப் பிள்ளைகள் லொஸ்லியாவும் தர்ஷனும் போய்ப் பெயர் எடுத்தார்கள், பிறகு படமும் கிடைத்தது. ஆனால் லொஸ்லியா அதற்கு முன்பே சக்தி டிவியில் செய்தி வாசித்தவர். கமராவுக்கு முன்னால் தடுமாறாமல் தமிழ் பேசும் பழக்கம் அங்கே வந்தது. அந்தப் பகுதியை யாரும் ஸ்டேட்டஸில் போடுவதில்லை.

*இரண்டாவது: எங்கே பழகுவது?*

"யாரைப் பிடிக்கணும்" என்ற கேள்வியே பிழை. "எங்க பழகணும்" என்று கேளுங்கள். அதற்குக் காசில்லாத பதில் நமது கல்வி முறைக்குள்ளேயே இருக்கிறது. பலருக்கு அது தெரியாது.

'நாடகமும் அரங்கியலும்' சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் ஒரு பாடம். அதை உயர்தரத்தில் எடுத்துப் பல்கலைக்கழகத்திலும் தொடரலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உண்டு. கிழக்கில் உள்ள எங்களுக்கு இன்னும் பக்கம், மட்டக்களப்பு கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. பஸ்ஸில் கல்லடிப் பாலத்தைக் கடக்கிற நமது ஆட்களில் எத்தனை பேர் உள்ளே போய் விசாரித்திருக்கிறோம்? தகைமை என்ன, உளச்சார்புப் பரீட்சை எப்படி என்பதெல்லாம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலில் இருக்கும். அதை வாங்கி வாசியுங்கள். படம் கிடைக்காவிட்டாலும் கையில் பட்டம் இருக்கும், அந்தப் பாடத்துக்கு ஆசிரியராகும் வழியும் இருக்கும்.

அதற்கும் முன்னால் தமிழ் மொழித் தினப் போட்டி இருக்கிறது. பாடசாலையில் தொடங்கி வலயம், மாகாணம், தேசியம் வரை போகலாம். பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். ஊரில் என்ன கலை நிகழ்ச்சி, எந்தப் போட்டி என்று அவரிடம் கேட்கலாம். மேடை கிடைக்கவில்லை என்று சொல்கிற பிள்ளை முதலில் இந்த இடங்களுக்குப் போய்ப் பார்த்ததா என்று கேளுங்கள்.

*மூன்றாவது: காதும் நாக்கும்.*

முகம் அழகாக இருந்தால் போதும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஜிம்முக்குப் போகிறார்கள், தலைமுடியை நிறமாக்குகிறார்கள். நடிகனின் முதல் கருவி பேச்சு.

வயதில் மூத்தவர்களுக்கு இலங்கை வானொலியின் 'கோமாளிகளின் கும்மாளம்' ஞாபகம் இருக்கும். அது 1976 இல் 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்தது. அதில் மரிக்காராக வந்து நமது ஆட்களின் பேச்சைப் பேசியவர் ராமதாஸ். அவர் முஸ்லிம் அல்ல. ஆனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டு சாகும் வரை 'மரிக்கார் ராமதாஸ்' ஆகவே இருந்தார். அதே கூட்டத்தில் ஐயராக வந்தவர் யார் தெரியுமா? நமது பீ.எச். அப்துல் ஹமீட். ஒரு முஸ்லிம் ஐயராகவும், முஸ்லிம் அல்லாதவர் மரிக்காராகவும் பேசினார்கள், நாடே நம்பிச் சிரித்தது. அடுத்த மனிதன் எப்படிப் பேசுகிறான் என்பதைக் காது கொடுத்துக் கேட்டவர்களால்தான் அது முடிந்தது.

ஆகவே பிள்ளைகளே, உங்கள் வீட்டுப் பயிற்சி இதுதான். தினமும் ஒரு பக்கம் சத்தமாக வாசியுங்கள், போனில் பதிவு செய்து கேளுங்கள். ல, ள, ழ மூன்றும் தனித்தனியாகக் கேட்கிறதா? மக்ரஜ் பார்த்து ஓதிப் பழகிய பிள்ளைக்கு இது கஷ்டமே இல்லை. நாக்கு எங்கே படுகிறது, மூச்சை எங்கே விடுவது என்பது அதற்கு ஏற்கெனவே தெரியும். பிறகு சந்தையில், பஸ்ஸில் காதைத் திறந்து வையுங்கள். யாழ்ப்பாணத்தார் பேசுவது வேறு, மலையகத்தார் பேசுவது வேறு, பேருவளை ஆட்கள் பேசுவது வேறு. எல்லாவற்றுக்கும் மேலாகச் சிங்களம் படியுங்கள். இந்நாட்டில் நாடகமும் படமும் அதிகம் எடுக்கப்படுவது சிங்களத்தில். இரண்டு மொழியும் சுத்தமாக வருகிறவருக்கு நடிப்பு கிடைக்காவிட்டாலும் டப்பிங், விளம்பரக் குரல், அறிவிப்பு என்று நாலு கதவு திறக்கும்.

*நான்காவது: ஏமாறாமல் இருக்க.*

இதை மட்டும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. நடித்தால் தயாரிப்பாளர் உங்களுக்குக் காசு தர வேண்டும். நீங்கள் அவருக்குத் தரக் கூடாது. பதிவுக் கட்டணம், அட்டைக் கட்டணம், "வேடத்துக்கு முற்பணம்" என்று யார் கேட்டாலும் அங்கேயே நிறுத்துங்கள். பயிற்சி வகுப்புக்குக் கட்டணம் இருக்கலாம். ஆனால் வகுப்புக்குக் காசு கட்டினால் படம் நிச்சயம் என்று சொன்னால் அது பொய்.

2. கூப்பிடுகிறவர் இதுவரை என்ன செய்திருக்கிறார் என்று கேளுங்கள். அதில் நடித்த ஒருவரோடு பேசுங்கள். உண்மையான ஆள் இதற்குக் கோபிக்க மாட்டார்.

3. ஒடிஷனுக்கு வீடியோ கேட்டால் வெறும் சுவருக்கு முன்னால், ஜன்னல் வெளிச்சத்தில், ஒரு நிமிடம் போதும். பெயர், வயது, உயரம், பிறகு வசனம். போட்டோவில் பில்டர் வேண்டாம். அவர்களுக்குத் தேவை உங்கள் முகம்.

4. சென்னைக்குக் கூட்டிப் போகிறோம் என்றால் எந்த விசாவில் என்று கேளுங்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலை செய்வது சட்டப்படி குற்றம். பிடிபட்டால் மாட்டுவது நீங்கள், அனுப்பியவர் அல்ல.

5. எதிலும் வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

*ஐந்தாவது: பெண் பிள்ளைகள்.*

இதைப் பேச நமது ஊரில் எல்லோரும் தயங்குவார்கள். தயக்கம்தான் ஏமாற்றுக்காரனின் மூலதனம். "மேக்அப் டெஸ்ட்" என்று போட்டோ கேட்பான். பிறகு இன்னொரு மாதிரி போட்டோ கேட்பான். அனுப்பிய பிறகு அதை வைத்தே மிரட்டுவான். வீட்டுக்குத் தெரிந்தால் கொன்றுவிடுவார்கள் என்று பயப்படுகிற பிள்ளையைத்தான் அவன் தேடுகிறான். உம்மாவிடம் ஓடிவந்து சொல்லக்கூடிய பிள்ளையிடம் அவன் வரமாட்டான்.

ஆகவே பெற்றோரே, இப்படி ஒன்று நடந்தால் முதலில் பிள்ளையை அடிக்காதீர்கள். போனில் உள்ள மெசேஜ்களை அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் 1929, பெண்களுக்கு 1938. பொலிஸில் சிறுவர், பெண்கள் பிரிவும் இருக்கிறது. மானம் போய்விடும் என்று மூடி வைத்தால் அவன் அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் போவான். ஒடிஷன் எங்கே நடந்தாலும் பிள்ளை தனியாகப் போகக் கூடாது, வீட்டில் ஒருவர் கூடப் போக வேண்டும். உண்மையான தயாரிப்பாளர் அதை மறுக்க மாட்டார். மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

கடைசியாக ஊருக்கு ஒரு வார்த்தை.

எமது பகுதிப் பாடசாலைகளில் அழகியல் பாடம் என்றால் பெரும்பாலும் சித்திரம்தான். நாடகம் படிப்பிக்க ஆசிரியர் கேட்டு எழுதும் பாடசாலைகள் குறைவு. பெற்றோரும் கேட்பதில்லை. பொல்லடி, களிகம்பு, றபான் என்று மேடைக்குரிய எத்தனையோ கலைகளை நமது மூத்தவர்கள் பழகி வைத்திருந்தார்கள். கல்யாண வீட்டிலும் பெருநாளிலும் அவற்றைப் பார்த்து ஊரே கூடி நின்றது. இன்று அதே ஊர்ப் பிள்ளை "நடிக்க ஆசை" என்று சொல்வதற்கு இரவு பத்து மணி வரை காத்திருக்கிறது.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் வரும்போது நாடகப் பாடத்துக்கு ஆசிரியர் வேண்டும் என்று எழுந்து கேளுங்கள். பத்துப் பிள்ளைகள் படித்தால் ஒன்று நடிகராகலாம், ஒன்பது ஆகாமலும் போகலாம். அந்த ஒன்பதும் நாலு பேருக்கு முன்னால் நிமிர்ந்து நின்று பேசப் பழகியிருக்கும். நேர்முகப் பரீட்சைக்குப் போய்த் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வருகிற நமது பிள்ளைகளுக்கு அது சின்ன விஷயமா?

இன்று இரவு சாப்பிடும்போது பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்: "மகன், உனக்கு என்னவாக ஆசை?" பதில் பிடிக்காவிட்டாலும் சோற்றை முடிக்கும் வரையாவது கேளுங்கள். வேண்டாம் என்று சொல்வதென்றாலும் காரணத்தைச் சொல்லுங்கள். "வாப்பாட்ட சொல்லிராதீங்க" என்ற அந்த ஒரு வரி இல்லாமல் எங்களுக்கு மெசேஜ் வரட்டும். மீதியைச் சேர்ந்து பார்த்துக்கொள்வோம், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் அனுபவங்களையும் கீழே எழுதுங்கள். ஏமாந்த கதை என்றால் பெயர் வேண்டாம், விஷயம் போதும். அடுத்த பிள்ளைக்கு உதவும்.

வஸ்ஸலாம்.