எஸ்எம்பிஎஸ்-ஐ கடைசி வரியில் எழுதாதே மாப்ள

2025 ஆகஸ்ட்ல ஒரு ஞாயித்துக்கிழமை அக்கா பையன் வீட்டுக்கு வந்து, நாலா மடிச்ச ஒரு பேப்பரை நீட்டினான். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் மிச்சம் பிடிச்ச 80 ஆயிரம் ரூபாய்க்கு கேமிங் பொட்டி போடப் போறானாம். பார்ட்ஸ் தானே வாங்கி தானே மாட்டணுமாம். "ஒரு தடவை பாத்து ஓகே சொல்லிடுங்க மாமா, சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் போறேன்."

பேப்பரைப் பிரிச்சேன். ஐ7 14700 பிராசசர். ஆர்டிஎக்ஸ் 3050 கார்டு, அதுவும் 6 ஜிபி. ராம் 8 ஜிபி, ஒரே ஒரு குச்சி. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே ஏழு ஃபேன், ஏழிலும் வானவில் லைட்டு போட்ட கேபினட். மானிட்டர்ங்கற இடத்துல "அப்பாவோடது". கடைசி வரி: எஸ்எம்பிஎஸ், கேபினட்டோட ஃப்ரீ.

அந்தக் கடைசி வரியைப் பார்த்ததும் எனக்கு வயித்துல என்னமோ பண்ணுச்சு. ஏன்னு அப்புறம் சொல்றேன்.

முதல் தடவை பொட்டி போடற முக்கால்வாசிப் பேர் லிஸ்டை மேலிருந்து கீழே எழுதுறாங்க. பிராசசர் பேர்ல ஆரம்பிச்சு, காசு தீர்ற இடத்துல நிறுத்திடறது. எனக்கென்னவோ அதைத் தலைகீழா எழுதணும்னுதான் தோணுது. முதல்ல என்ன கேம், எந்த மானிட்டர்ல. நான் கேட்டதுக்கு அவன் சொன்னது: ஃப்ரெண்ட்ஸோட வேலரன்ட், தனியா சைபர்பங்க் 2077. அப்பாவோட மானிட்டரோ 60 ஹெர்ட்ஸ். பொட்டி ஒரு செகண்டுக்கு 200 ஃப்ரேம் தயாரிச்சுத் தள்ளினாலும் அது 60-க்கு மேல காட்டாது. வேலரன்ட்டுக்கு ஐ7 வாங்கி அதுல மாட்டறது, குழாயைப் பெருசாக்கிட்டு சொம்பை மாத்தாத கதை. சைபர்பங்க் விஷயம் நேரெதிர். அங்கே பாரத்தைச் சுமக்கறது கிராபிக்ஸ் கார்டு, ஐ7 பக்கத்துல நின்னு வேடிக்கைதான் பார்க்கும்.

ஆக ஐ7-ஐ அடிச்சேன். ரைசன் 5 5600-ன்னு எழுதினேன். ஆறு கோர், 65 வாட்ஸ், கூலரும் டப்பாவிலேயே வரும். மிச்சமான காசு மானிட்டருக்கும் (1080பி, 144 ஹெர்ட்ஸ்) ஆர்டிஎக்ஸ் 5060-க்கும் போச்சு. ஏஎம்5 போர்டு வாங்கியிருந்தா பின்னாடி புது பிராசசர் மாத்திக்கலாமேன்னு சிலர் சொல்வாங்க. நியாயம்தான். ஆனா அந்தக் கூடுதல் செலவு மானிட்டரைத் தின்னுடும். என்னைக்கோ மாத்தப் போற பிராசசருக்காக இன்னைக்குப் பார்க்கற திரையை விடறதுல எனக்கு இஷ்டமில்லை. 5060-ல 8 ஜிபி மெமரிதான்ங்கறது குறைதான். 1080பி-ல டெக்ஸ்சரைக் கொஞ்சம் குறைச்சு வெச்சு ஓட்டிக்கலாம்.

இதுல ஒரு பொறி இருக்கு. 5600 கேட்டா 5600ஜி-யை எடுத்துக் குடுப்பாங்க, "ரெண்டும் ஒண்ணுதான் சார், இதுல கிராபிக்ஸும் இருக்கு"ன்னு. ஒண்ணு இல்லை. ஜி-யில எல்3 கேஷ் பாதி (32 எம்பிக்கு பதில் 16), பிசிஐஇ-யும் 3.0 தான். 5060 மாதிரி எட்டு லேன் மட்டும் இருக்கற கார்டுக்கு அது நல்லதில்லை.

ராம் ஒரு குச்சிக்கு பதில் ரெண்டு 8 ஜிபி. டூயல் சேனல்ல ஓடினாத்தான் ரைசனுக்கு உயிர் வரும். "ரெண்டாவதை தீபாவளிக்கு வாங்கிக்கறேனே"ன்னு இழுத்தான், விடலை. மெமரி சிப்பெல்லாம் ஏஐ சர்வர்களுக்குப் போக ஆரம்பிச்சு 2025 கடைசியில ராம் விலை தாறுமாறா ஏறினதும், டிசம்பர்ல மைக்ரான் தன்னோட க்ருஷியல் வியாபாரத்தையே நிறுத்தறதா அறிவிச்சதும் தெரிஞ்ச கதை. எனக்கு ஜோசியமெல்லாம் தெரியாது, குருட்டு அதிர்ஷ்டம். அவன் மட்டும் இன்னும் மாமாவுக்கு எல்லாம் தெரியும்னு நம்பிக்கிட்டு இருக்கான் :-)

இப்ப அந்தக் கடைசி வரி.

2008-ல நானும் கேபினட்டோட ஃப்ரீயா வந்த எஸ்எம்பிஎஸ்-லதான் பொட்டி போட்டேன். மேலே கொட்டை எழுத்துல 450 வாட்ஸ். ஜிஃபோர்ஸ் 9600 ஜிடி கார்டு, கோர் 2 டுயோ. கார்டுக்கு வேண்டிய ஆறு பின் வயரே அதுல கிடையாது, ஹார்டு டிஸ்க் வயர்லேர்ந்து ஒரு கன்வர்ட்டர் போட்டு இழுத்தேன். அப்பவே புத்தி வந்திருக்கணும். நாலு மாசம் ஓடுச்சு. ஒரு ராத்திரி விளையாடிக்கிட்டு இருக்கும்போது 'டப்'புனு ஒரு சத்தம், கருகின வாசனை. மதர்போர்டு போச்சு, கூடவே ஹார்டு டிஸ்க்கும்.

மறுநாள் அதைக் கழட்டித் திருப்பி, பக்கவாட்டுல இருந்த பொடி எழுத்தைப் படிச்சேன். 12 வோல்ட்டுக்கு நேரா 14 ஆம்பியர். பெருக்கினா 168 வாட்ஸ். பிராசசருக்கு 65, கார்டுக்கு 95, ஆக அதுவே 160. போர்டு, டிஸ்க், ஃபேன் எல்லாம் அதுக்கு மேல. பிராசசரும் கார்டும் கரண்ட் எடுக்கறது பெரும்பாலும் அந்த 12 வோல்ட்லதான். மேலே போட்ட 450 வெறும் பெயிண்ட்.

போர்டை மாத்தினேன். டிஸ்க்கை மாத்த முடியலை. அதுலதான் அந்த வருஷப் பொங்கல் போட்டோ எல்லாம் இருந்துச்சு. அப்பா திண்ணையில உட்கார்ந்து, அஞ்சு வயசுப் பேரனுக்கு கரும்பு சீவிக் குடுக்கற படம். வைகாசியில அப்பா போயிட்டார். வேற காப்பி எடுத்து வைக்கலை, அது என் தப்பு.

அந்தப் பேரன்தான் இப்ப எதிர்ல பேப்பரோட உட்கார்ந்திருந்தான். இதை அவன்கிட்ட நான் சொன்னதே கிடையாது, அன்னைக்குத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் அவனே பேனாவை வாங்கி 'ஃப்ரீ'யை அடிச்சான்.

650 வாட்ஸ்ல, லேபிள்ல 12 வோல்ட்டுக்கு 54 ஆம்பியர் போட்டதா வாங்கினோம், அதாவது 648 வாட்ஸ். 5060-க்கு 145, பிராசசருக்கு 65ன்னு பார்த்தா 550 வாட்ஸே தாராளம், என் பயத்துக்கு நூறு சேர்த்துக்கிட்டேன். டப்பாவுல 80 ப்ளஸ் வெண்கலம், தங்கம்னு போட்டிருக்கறது கரண்டை எவ்வளவு சிக்கனமா மாத்துதுங்கறதுக்கு மட்டும்தான். உள்ளே பாதுகாப்பு சர்க்யூட் ஒழுங்கா இருக்கா, கப்பாசிட்டர் நல்லதாங்கறதை அந்த முத்திரை சொல்லாது. வாரன்டி எத்தனை வருஷம், நம்மூர்லயே சர்வீஸ் சென்டர் இருக்கா, ஜிஎஸ்டி பில்லுல சீரியல் நம்பர் இருக்கான்னு பாருங்க. கேபினட்டைத் தொட்டா சுள்ளுங்குதா, முதல்ல வீட்டு எர்த்தை எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்க. சாதாரண 600 விஏ யூபிஎஸ் தர்றது 360 வாட்ஸ் போலத்தான், பொட்டியோட மானிட்டரையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கங்க.

கேபினட் முன்பக்கம் வலை போட்டது வாங்கினோம். சென்னை மே மாசத்துல கண்ணாடிக்குப் பின்னாடி ஃபேன் வைக்கறது ஜன்னலைச் சாத்திட்டு விசிறிக்கறதுதான். லைட்டு போச்சேன்னு அவன் முகம் மட்டும் சரியில்லை.

சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மாட்டி முடிச்சான். நான் ஸ்டூல்ல உட்கார்ந்து பார்த்துக்கிட்டு மட்டும் இருந்தேன், ஸ்க்ரூ டிரைவரைத் தொடலை. சுவிட்சைப் போட்டான். ஃபேன் சுத்துது, மானிட்டர் கருப்பு. ரெண்டு பேருக்கும் வேர்த்துப் போச்சு. ராமைக் கழட்டி மாட்டினான், கார்டைக் கழட்டி மாட்டினான். கால் மணி நேரம் கழிச்சு பொட்டிக்குப் பின்னாடி குனிஞ்சு பார்த்தா, ஹெச்டிஎம்ஐ வயரை மதர்போர்டுல சொருகி வெச்சிருக்கோம். 5600-லதான் கிராபிக்ஸே கிடையாதே!

"ஜி வாங்கியிருந்தா இந்நேரம் படம் வந்திருக்கும்ல மாமா"ன்னான், படுபாவி.