44 ஆண்டு காத்திருந்த கிளப்

ஸ்டான்லி என்பது யார்?

ஆள் இல்லை. அது ஒரு தெருவின் பெயர்.

இங்கிலாந்தில் லங்காஷயர் என்று ஒரு ஜில்லா. பஞ்சாலைகளுக்குப் பேர் போனது. அந்நியத் துணி என்று நம் நாட்டில் தெருவில் போட்டுக் கொளுத்தினார்களே, அதில் லங்காஷயர் துணியும் உண்டு. அந்த ஜில்லாவில் அக்ரிங்டன் என்று ஒரு சிறிய ஊர். ஜனத்தொகை சுமார் 35 ஆயிரம். அங்கே ஸ்டான்லி தெரு. 1891-ம் ஆண்டில் அந்தத் தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு கால்பந்து கோஷ்டி அமைத்தார்கள். அதுதான் அக்ரிங்டன் ஸ்டான்லி.

பெரிய கிளப் அல்ல. கோப்பைகளை அள்ளிக் குவித்ததும் இல்லை. ஆனாலும் இதன் கதையை இங்கிலாந்தில் இன்றும் சொல்லுகிறார்கள். காரணம், அது செத்துப் பிழைத்த கிளப்.

பழைய காலரி

1921-ல் ஸ்டான்லிக்கு லீக்கில் இடம் கிடைத்தது. லீக்கில் பல டிவிஷன்கள் உண்டு. ஸ்டான்லி இருந்தது மூன்றாவது டிவிஷனில். 1955-ல் அதில் 2-வது இடத்துக்கு வந்தது. மேலே போக ஒரே ஒரு கோஷ்டிக்குத்தான் இடம். வாய்ப்பு நழுவியது. அந்த நாளில் கோஷ்டியின் 11 பேருமே ஸ்காட்லாந்துக்காரர்களாக இருந்ததும் உண்டு! பெயர் மட்டும் அக்ரிங்டன்.

அப்புறம் கெட்ட காலம். பஞ்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கூப்பிடு தூரத்தில் பர்ன்லி என்ற ஊர். அந்த ஊர் கோஷ்டி 1960-ல் நாட்டுக்கே சாம்பியன் ஆனது. காசு கொடுத்து ஆட்டம் பார்ப்பவர் எங்கே போவார்? பர்ன்லிக்குத்தான். ஆட்டக்காரர்களுக்கு வாரம் 20 பவுனுக்கு மேல் சம்பளம் கூடாது என்ற விதி இருந்தது. 1961-ல் அதுவும் போயிற்று. பணக்கார கிளப்புகள் அள்ளிக் கொடுத்தன. ஏழை கிளப் என்ன செய்யும்?

இதற்கிடையில் நிர்வாகிகள் ஒரு காரியம் செய்திருந்தார்கள். 1958-ல், ஆல்டர்ஷாட்டில் ராணுவ வேடிக்கை விழாவுக்குப் பயன்பட்ட பழைய காலரி ஒன்றை 1,450 பவுனுக்கு வாங்கினார்கள். மலிவுதான். ஆனால் அதைக் கழற்றிக் கொண்டு வந்து மைதானத்தில் நிறுத்துவதற்கு ஆன செலவு விலையைப் போலப் பல மடங்கு! யானையை வாங்கியவன் அங்குசத்துக்கும் தீனிக்கும் கணக்குப் போடாத கதைதான். உட்கார ஆள் இல்லாத நேரத்தில் காலரி எதற்கு?

ஒரு கடிதம்

1962 மார்ச். கடன் 60 ஆயிரம் பவுனைத் தாண்டிவிட்டது. இனித் தாங்காது என்று கிளப் லீக்குக்கு ராஜினாமாக் கடிதம் அனுப்பியது.

ஊர் கலங்கியது. உதவி செய்கிறோம் என்று சிலர் முன்வந்தார்கள். உடனே, “கடிதத்தைத் திருப்பி வாங்கிக் கொள்கிறோம்” என்று கிளப் கேட்டது.

லீக்கின் காரியதரிசி ஆலன் ஹார்டேக்கர். ராஜினாமா வந்தது வந்ததுதான் என்று லீக் சொல்லிவிட்டது. அந்தப் பருவத்தில் ஸ்டான்லி ஆடிய 33 ஆட்டங்களும் கணக்கிலிருந்து அடிக்கப்பட்டன. போட்ட கோலும் இல்லை, வாங்கிய கோலும் இல்லை. ஆடவே இல்லை என்பது போல! காலியான இடம் ஆக்ஸ்போர்டு யுனைடெட் என்ற கிளப்புக்குப் போயிற்று.

சட்டப்படி லீக் செய்தது சரியாக இருக்கலாம். கையெழுத்துப் போட்ட கடிதம் விளையாட்டல்ல. ஆனால் தப்புக் கணக்குப் போட்டவர்கள் நாலைந்து நிர்வாகிகள். தண்டனை அடைந்தது ஊர் முழுவதும். தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு சனிக்கிழமைதோறும் மைதானத்துக்குப் போன பையன் என்ன குற்றம் செய்தான்? சில நாள் தவணை கொடுத்திருந்தால் லீக்கின் கிரீடம் ஒன்றும் விழுந்திருக்காது.

கீழிருந்து மேலே

கீழ்ப் போட்டிகளில் தட்டுத் தடுமாறிய பழைய கிளப் 1966-ல் அடியோடு மூடப்பட்டது. 1968-ல் ஊர்க்காரர்கள் கூடினார்கள். அதே பெயரில் புதுக் கிளப். 1970-ல் வேறொரு மைதானத்தில் ஆட்டம் தொடங்கியது, மிகவும் கீழேயுள்ள படியிலிருந்து.

கேலி விடவில்லை. 1980-களின் கடைசியில் டெலிவிஷனில் ஒரு பால் விளம்பரம் வந்தது. பால் குடிக்காவிட்டால் அக்ரிங்டன் ஸ்டான்லிக்கு ஆடத்தான் லாயக்கு என்று ஒரு பையன் சொல்லுவான். அப்படி ஒரு கோஷ்டியா, கேள்விப்பட்டதே இல்லையே என்பான் மற்றவன். நாடே சிரித்தது. ஆனால் கேலியிலும் ஒரு லாபம்: பெயர் எல்லோர் வாயிலும் புகுந்தது!

1999-ல் ஜான் கோல்மன் மானேஜர் ஆனார். 2000, 2003, 2006 என்று மூன்று தடவை படி ஏறினார்கள். 2006-ல் லீக் கதவு திறந்தது. 44 ஆண்டு கழித்து ஸ்டான்லி உள்ளே வந்தது. அதே ஆண்டு லீக்கிலிருந்து கீழே இறங்கிய கிளப்புகளில் ஒன்று எது தெரியுமா? ஆக்ஸ்போர்டு யுனைடெட்! இப்படி ஒரு கதையை சினிமாவில் எடுத்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

2015-ல் ஆண்டி ஹோல்ட் என்ற உள்ளூர்த் தொழிலதிபர் கிளப்பை வாங்கினார். வட்டாரத்துப் பள்ளிச் சிறுவர் சிறுமியருக்கு ஸ்டான்லி சட்டை இலவசமாகக் கொடுக்கப்பட்டது. பக்கத்து ஊர்ப் பெரிய கிளப்புக்கு ஓடாமல் பிள்ளைகளைப் பிடித்து வைக்க அது நல்ல யோசனை. 2018-ல் ஸ்டான்லி தன் டிவிஷனில் முதலிடம் பெற்று மேலே போயிற்று. 2023-ல் மறுபடி இறங்கியது. இறங்குவது ஆட்டத்தில் சகஜம். மூடுவதுதான் சகஜமாகக் கூடாது.

பரிக்கு வந்த கதி

அதே லங்காஷயர் பக்கத்தில் பரி என்று ஒரு கிளப். 1900-லும் 1903-லும் எப்.ஏ. கோப்பையை வென்றது. 125 ஆண்டு லீக்கில் ஆடியது. 2019-ல் ஒரு படி மேலே ஏறிய கையோடு, பண விவகாரத்தில் சரியான கணக்குக் காட்ட முடியாமல் ஆகஸ்டு மாதம் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. 1962-ல் படித்த பாடம் யாருக்கும் நினைவில்லை!

2025 ஜூலையில்தான் இங்கிலாந்தில் சட்டம் வந்தது. மேல் ஐந்து படிகளில் ஆடும் கிளப்புகளுக்கு லைசென்சு வேண்டும். வாங்க வருகிறவரின் யோக்கியதையைச் சோதிக்க வேண்டும். கணக்கைக் கண்காணிக்கத் தனி அதிகாரி. முக்கியமான முடிவுகளில் ரசிகர்களைக் கலந்துகொள்ள வேண்டும். பந்தாட்டத்தில் அரசாங்கம் மூக்கை நுழைக்கலாமா என்று பெரிய கிளப்புகள் சில முணுமுணுத்தன. நுழைக்கத்தான் வேண்டும். மளிகைக் கடை மூடினால் அடுத்த கடைக்குப் போகலாம். அக்ரிங்டன்காரன் அடுத்த ஊர் கோஷ்டிக்கு எப்படிக் கை தட்டுவான்?

பரி ரசிகர்கள் ஓய்ந்துவிடவில்லை. 2023-ல் தங்கள் பழைய கிக் லேன் மைதானத்தில் மறுபடி பந்தை உருட்டினார்கள். ஒன்பதாவது படியிலிருந்து.