பெர்மனென்ட்னு சொன்னா நம்பிடாதீங்க பாஸ்!

லேப் ரெக்கார்டு அட்டையில பேர் எழுதுற மார்க்கருக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு!

எங்க ஊர் ஊட்டி. பக்கத்துல அவலாஞ்சியில் 1907-லேயே ட்ரவுட் மீன் குஞ்சு பொரிப்பகம் ஆரம்பிச்சாங்க. எங்க தாத்தா தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுத்தி, பூச்சி மாதிரியே 'ஃப்ளை' கட்டுவார். இப்போ அவருக்குக் கை நடுங்குது. கலர் தீட்டுறது என் வேலை. போன லீவுல ஸ்கெட்ச் பேனாவால தீட்டினேன். ஓடையில் போட்டதும் பழுப்பு மொத்தமும் கரைஞ்சு போச்சு! தாத்தா திட்டலை. 'அடுத்த தடவை பாத்துக்கலாம்டா'ன்னார். இன்னும் எத்தனை தடவைன்னு நினைச்சப்போ சுருக்னு இருந்துச்சு.

அதுக்கப்புறம் கத்துக்கிட்டது இது. ஆல்கஹால் மை இருக்கிற மார்க்கரா வாங்குங்க. ஆல்கஹால் பறந்துடும், சாயம் ஒட்டிக்கும். ஒரு வெள்ளை நூல்கண்டு போதும், வேணும்கிற இடத்துல வேணும்கிற கலர். நூலுக்கு மெல்லிய முனை, இறகுக்குப் பட்டை முனை. நனைஞ்சா கலர் கருக்கும். அதனால ஒரு ஷேடு வெளிராவே எடுங்க. முக்கியமான வில்லன், முடிச்சு மேல பூசுற வார்னிஷ்! தண்ணிக்கு அசையாத மையை அது கரைச்சு இழுத்துடும். மை நல்லா காயட்டும். முதல்ல வேஸ்ட் நூல்ல பூசிப் பாருங்க.

நேத்து ராத்திரி முழுக்க டம்ளர் தண்ணியில் ஊறின ஃப்ளை, காலையிலும் அதே பழுப்பு. தாத்தா கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பார்த்தார். 'ஞாயித்துக்கிழமை ஓடைக்குப் போலாமா?'ன்னார்.

திங்கட்கிழமை எனக்கு செமஸ்டர் எக்ஸாம். நீங்களே சொல்லுங்க, நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?