கண்ணீர் ஸபூருக்குப் பகையா?

பெற்றோரை இழந்த கவிஞன் இரங்கற்பா இயற்றினால், அது ஸபூருக்கு மாறானது, இறைவனின் விதியை ஏற்காத புலம்பல் என்று தீர்ப்பளிப்போர் நம்மிடையே உளர். இத்தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் ஆறாம் வயதில் அன்னை ஆமினாவை அப்வாவில் இழந்தார்கள். பல்லாண்டுகளுக்குப் பின் அன்னையின் கப்ரை ஸியாரத் செய்தபோது தாமும் அழுது, சூழ இருந்தோரையும் அழ வைத்தார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிம் அறிவிக்கிறது. பொறுமையில் அவர்களை விஞ்சியவர் யார்? கன்னத்தில் அறைந்து, ஆடையைக் கிழித்து ஓலமிடுவதையே அவர்கள் விலக்கினார்கள். கண்ணீரை விலக்கவில்லை.

அல்லாமா இக்பாலின் அன்னை இமாம் பீபி 1914ஆம் ஆண்டில் மறைந்தார். அத்துயரில் பிறந்த உருதுக் கவிதை, 1924இல் வெளிவந்த 'பாங்கே தரா' தொகுப்பில் உள்ளது. ஊழின் வலிமையை எண்ணித் தொடங்குகிறார் கவிஞர். ஐரோப்பா சென்று கற்று வந்த அப்பேரறிஞர் தாயின் நினைவில் குழந்தையாகிறார். அவருடைய நள்ளிரவு துஆவை இழந்தமைக்கு ஏங்குகிறார். அதன் பின்னரே மரணம் முடிவன்று என்னும் உறுதியை அடைந்து, அன்னையின் கப்ருக்காக இறைஞ்சி நிறைவு செய்கிறார். ஏக்கத்தை நீக்கிவிட்டால் அங்கே எஞ்சுவது வெறும் உபதேசமே.

நம் கவிஞர் சிலரோ பழிக்கு அஞ்சி, முதலடியிலேயே 'இறைவன் நாட்டம்' என்று முடித்துவிடுகின்றனர். வாப்பாவின் பெயரை மாற்றினால் அப்பாடல் எவருக்கும் பொருந்தும். இழந்தது இன்னதென்று சொல்லாதவன் எதை ஏற்றுக்கொண்டான்?

துயரத்திற்கு மார்க்கம் எல்லை வகுத்துள்ளது. அதனினும் குறுகிய எல்லை வகுக்க எவருக்கும் உரிமையில்லை.