பதிவேடு எங்கே?



தம் ஊரின் வரலாற்றைத் தேடித் தொகுக்க வேண்டும் என்னும் ஆர்வம் நம் சிற்றூர்களிலும் வேரூன்றி வருகின்றது. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், அஞ்சலகத்தில் பணியாற்றியவர் ஒருவர், கல்லூரி முடித்த இளைஞர் இருவர், பழங்காசு சேர்க்கும் கடைக்காரர் ஒருவர் என்று சிலர் கூடி ஒரு கழகம் அமைக்கின்றனர். ஓராண்டு செல்வதற்குள் பங்குத் தந்தையிடம் வந்து, "சாமி, பழைய பள்ளிக் கட்டடத்தில் ஓர் அறை சும்மாதானே கிடக்கின்றது? அதைத் தந்தால் அருங்காட்சியகம் ஒன்று வைப்போம்" என்று கேட்கின்றனர். கேட்பது நல்ல காரியமே. கூலி வாங்காமல், மாலை நேரத்தையும் ஞாயிற்றுக்கிழமையையும் ஊருக்கென்று கொடுக்க முன்வருகிறவர்களை வாழ்த்தி வரவேற்க வேண்டும். ஆயினும் சாவியைக் கையில் கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வியை நான் கேட்பது வழக்கம்: "பதிவேடு எங்கே?"

பலர் திகைக்கின்றனர். முதலில் பொருள்கள் சேரட்டும், பிறகு எழுதிக்கொள்ளலாம் என்கின்றனர். அந்தப் "பிறகு" வருவதேயில்லை.

மேசைமேல் ஒரு வெண்கல மணி இருக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். அது எந்தக் கோவிலில் ஒலித்தது? எந்த ஆண்டில் இறக்கப்பட்டது? விரிசல் கண்டதாலா, புதிய மணி வந்ததாலா? கொண்டுவந்து கொடுத்த குடும்பம் எது? இவை யாவும் கழகச் செயலாளர் ஒருவருக்கு மட்டுமே தெரியும். அவர் உள்ளவரை அஃது ஊரின் மணி. அவர் கண்மூடிய மறுநாள் அஃது இத்தனை கிலோ வெண்கலம். பழைய பாத்திரக்காரர் தராசைத் தூக்கிக்கொண்டு வருவார். ஆர்வமாய்த் தொடங்கியவர் மறைகின்றார், அல்லது முதுமையில் மகன் வீட்டுக்குக் குடிபெயர்கின்றார். பங்குத் தந்தையரோ இடமாற்றத்துக்கு உட்பட்டவர்கள். அடுத்து வருகிறவர் கதவைத் திறந்தால் தூசி படிந்த சாமான்கள் தெரியும். அவை ஏன் அங்கே இருக்கின்றன என்பது தெரியாது. மறைக்கல்வி வகுப்புக்கு அவருக்கு இடம் வேண்டும். அவரைக் குறை கூறுவது எங்ஙனம்?

தமிழ்க் கத்தோலிக்கராகிய நமக்கு இத்துன்பம் புதியது அன்று. 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது. 16 பக்கங்களே கொண்ட சிறு நூல். இந்திய மொழி ஒன்றின் எழுத்துகளைக் கொண்டு இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அதுவே. முத்துக்குளித்துறையில் நெடுங்காலம் உழைத்த இயேசு சபைக் குரு அண்டிரிக் அடிகளார் அதனைத் தமிழாக்கினார். நம் கடற்கரை மக்களுக்காகவே எழுந்த அந்நூலின் பிரதியை இன்று காண வேண்டுமானால் அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்துக்குச் செல்ல வேண்டும். 1586-இல் அச்சான 'அடியார் வரலாறு' வத்திக்கான் நூலகத்தில் உள்ளது. 1950-களில் தனிநாயகம் அடிகளார் ஐரோப்பிய நூலகங்களில் தேடியலைந்து, இத்தகைய பழந்தமிழ் அச்சு நூல்களின் பெருமையைத் தமிழுலகுக்கு எடுத்துரைத்தார். அவர் தேடிய இடத்தில் நூல் கிடைத்ததே, எதனால்? தமிழில் ஓரெழுத்தும் அறியாத எவரோ, புரியாத நூல் என்று ஒதுக்கிவிடாமல், அதற்கும் எண்ணிட்டு அட்டவணையில் ஏற்றிக் காத்தமையால் அன்றோ? நம் ஊர்களில் கரையானும் கடற்காற்றும் தின்றன என்பது உண்மை. ஆனால் கரையான் மட்டுமே குற்றவாளி என்று நான் நம்பவில்லை.

பதிவேட்டின் அருமையைத் திருச்சபை நன்கு அறியும். திருமணம் செய்துகொள்வோர் பெயரையும் சாட்சிகளின் பெயரையும் நாளையும் இடத்தையும் ஒரு புத்தகத்தில் எழுதிக் காக்குமாறு திரிதெந்துப் பொதுச்சங்கம் 1563-இல் பங்குக் குருக்களுக்குக் கட்டளையிட்டது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535-ஆம் சட்டம், பங்கின் பழைய ஏடுகளையும் கவனமாகப் பேண வேண்டும் என்கின்றது. 491-ஆம் சட்டம் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது: கோவில் ஆவணங்களின் பட்டியல் இரண்டு படிகளாக எழுதப்பட வேண்டும், ஒன்று அக்கோவிலிலும் மற்றொன்று மறைமாவட்ட ஆவணக் காப்பகத்திலும் இருக்க வேண்டும். தீயோ வெள்ளமோ ஓரிடத்தை அழித்தாலும் மற்றோரிடத்தில் சான்று நிற்கும் என்பது கருத்து. ஊர்க் கழகத்தார் இந்த ஒரு விதியை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டாலும் போதும். ஒரு படி அருங்காட்சியகத்தில் இருக்கட்டும். மற்றொன்று வேறு கூரையின் கீழ் இருக்கட்டும்.

பதிவேடு என்றவுடன் கணிப்பொறியைத் தேடி ஓட வேண்டியதில்லை. கட்டிய நோட்டு ஒன்று போதும். தாள்களைத் தனித்தனியே சேர்த்துக் கோக்கும் கோப்பு ஆகாது, தாள் கழன்று போகும். பக்கங்களுக்கு முன்கூட்டியே எண்ணிடுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டும் வரிசை எண்ணும் சேர்ந்த ஓர் எண் உண்டு. ஒருமுறை கொடுத்த எண்ணை வேறொரு பொருளுக்கு ஒருபோதும் கொடுத்தல் கூடாது. பொருளின் பெயர், அளவு, எதனால் ஆனது, உடைவு உண்டா, கொடுத்தவர் யார், அவருக்கு எவ்வழியில் வந்தது, ஊரார் அதைப் பற்றிச் சொல்லும் செய்தி யாது என்பவற்றை எழுதுங்கள். கடைசியிற் கூறியதே பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றது. "மரக்கால் ஒன்று" என்று எழுதினால் அது பத்து வீடுகளில் உள்ள மரக்கால். எந்தக் களத்தில், யாருக்கு நெற்கூலி அளந்த மரக்கால் என்று எழுதினால்தான் அது வரலாறு.

எண்ணைப் பொருளின்மேலும் குறிக்க வேண்டும். காகிதச் சீட்டை ஒட்டிவைத்தால் முதல் மழைக்காலத்திலேயே உதிர்ந்துவிடும். உலோகமோ மரமோ ஆனால் கண்ணில் படாத மூலையில் நிறமற்ற வார்னிஷ் சிறிது தடவி, காய்ந்தபின் அதன்மேல் எண்ணை எழுதி, மீண்டும் ஒரு பூச்சு தடவலாம். பழைய சரிகைப் பூசை உடையாயின் எண் எழுதிய நாடாவை உட்புறத்தில் இரண்டு தையலிட்டுப் பிணைக்கலாம். ஓலைச்சுவடிக்கு நூலில் கட்டிய அட்டையே ஏற்றது.

இனி, வாங்குவதைப் பற்றி. "எங்கள் பாட்டனார் வாள், சும்மா உங்களிடம் இருக்கட்டும்" என்று ஒருவர் கொண்டுவந்து வைப்பார். நன்கொடையா, இரவலா என்று அன்று எவரும் கேட்பதில்லை. பத்தாண்டு கழித்து அவருடைய இரண்டு பிள்ளைகளும் தனித்தனியே வந்து அதே வாளைக் கேட்பர். அன்று கழகம் எவர் பக்கம் நின்றாலும் ஒரு குடும்பம் திருவிழாவுக்கு வராமல் நின்றுவிடும். ஆகவே கையொப்பமிட்ட கடிதம் இல்லாமல் ஒரு விளக்குத்திரியைக்கூட ஏற்க வேண்டா. இரவல் என்றால் திருப்பித் தரும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, மறுக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். அரிக்கன் விளக்கு ஒன்று வேண்டும், பதினேழு வேண்டா. வீட்டில் வைக்க இடமில்லாத உடைந்த தையல் எந்திரத்தையெல்லாம் இங்கே கொண்டுவந்து இறக்க இஃது என்ன பரணா? மறுப்பைச் செயலாளர் ஒருவர் தலையில் போடாமல் குழுவின் முடிவாகச் சொன்னால் மனவருத்தம் குறையும்.

கழகத்தைப் பதிவு செய்வது கடினம் அன்று. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்தால் போதும். ஆண்டுக்கொரு முறை பொதுக்குழு கூட வேண்டும். வரவு செலவுக் கணக்கைப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். இந்தச் சிறு தொல்லைக்கு அஞ்சி, "நமக்குள் எதற்கு எழுத்தும் கையொப்பமும்?" என்று விட்டுவிடுகிறவர்களே மிகுதி. விதிமுறைகளை எழுதும்போது ஒரு விதியை மறவாதீர்கள்: ஒருநாள் கழகம் கலைந்துபோனால் பொருள்கள் யாரைச் சேரும்? அரசு அருங்காட்சியகத்தையா, கல்லூரியையா, மறைமாவட்டக் காப்பகத்தையா? குழந்தை பிறந்த அன்றே சாவைப் பற்றிப் பேசுவதா என்று முகம் சுளிக்கின்றனர். பேசாமல் விட்டால் கடைசியில் சாவி யாரிடம் இருந்ததோ அவருடைய வீட்டைச் சேரும். சாவியும் ஒருவரிடமே இருத்தல் நன்று அன்று; இருவரிடம் இருக்கட்டும். பங்குக் கட்டடத்தில் அறை கேட்பவர்கள், அவ்வறை பங்கின் உடைமை, உள்ளே உள்ள பொருள்கள் கழகத்தின் பொறுப்பு என்பதைப் பங்குப் பேரவையின் முன்னிலையில் எழுதிப் பெற வேண்டும். அவ்வெழுத்து இருந்தால், அடுத்து வரும் குருவானவர் அவர்களை அயலாராக எண்ண மாட்டார்.

நிற்க. பொருள்களைக் கெடுப்பது பெரும்பாலும் பகைவர் அல்லர், பக்தி மிக்கவர்களே. திருவிழா நெருங்கியவுடன் பழைய வெண்கலக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்குகின்றோம். பொறித்திருந்த பெயர் ஒவ்வோராண்டும் சிறிது சிறிதாய் மழுங்குகின்றது. மரச் சுரூபத்தின்மேல் எனாமல் வண்ணத்தைப் பூசுகின்றோம். கீழே இருந்த பழைய வண்ணம் மறைந்தே போகின்றது. மக்கள் வணக்கத்துக்குரிய விலைமதிப்புள்ள திருவுருவங்களை ஆயரின் எழுத்து மூலமான அனுமதியின்றிச் சீரமைத்தல் ஆகாது என்று 1189-ஆம் சட்டம் கூறுவதை நம் திருவிழாக் குழுவினர் படித்துப் பார்க்க வேண்டும். கிழிந்த கடிதத்தின்மேல் செல்லோ டேப்பு ஒட்டாதீர்கள். பசை சில ஆண்டுகளில் மஞ்சள் கறையாகும். பிளாஸ்டிக் உறையிட்டு உருக்கி ஒட்டுவது அதனினும் கொடிது. பின்னர்ப் பிரித்தெடுக்க வழியில்லை. ஓலைச்சுவடிக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுவர். அதனையும் அறிந்தவரிடம் ஒருமுறை நேரில் கற்றபின் செய்வதே நலம்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். புதிய கோவிலுக்கு அடித்தளம் தோண்டும்போது காசுக் குடமோ சிலையோ கிடைத்தால் அது கழகத்தின் உடைமை ஆகாது. கோவிலின் உடைமையும் ஆகாது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும். நூறாண்டு கடந்த சிற்பங்கள் போன்றவை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வருவன. அறிவித்தால் பறிபோய்விடும் என்று அஞ்சி மறைத்தால், எங்கே, எந்த ஆழத்தில், எதனோடு கிடைத்தது என்னும் செய்தி அழிந்துபோகும். கீழடியை நினைத்துப் பாருங்கள். 1970-களில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட பழம்பொருள்களை அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் பொருட்படுத்தி உரியவர்களுக்குத் தெரிவித்தார். பல்லாண்டு கழித்தே அகழாய்வு நடந்தது; 2023-இல் அங்கே அருங்காட்சியகமும் எழுந்தது. அவர் அவற்றைத் தம் வீட்டு அலமாரியில் பூட்டி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கடினமான செய்திக்கு வருகின்றேன். ஊர் வரலாறு எழுதப் புகுந்தவுடன் ஒவ்வொரு குடும்பமும் தன் முன்னோரே கோவில் கட்டியவர் என்கின்றது. கல் சுமந்தவர் பெயரை எவரும் கேட்பதில்லை. வடக்கன்குளத்தில் சாதியாரைப் பிரிக்கக் கோவிலினுள்ளேயே சுவர் இருந்தது. 1910-இல் கௌசானல் அடிகளார் அதனை அகற்றினார். வழக்குச் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. இத்தகைய செய்தியை மறைத்துவிட்டுத் தேரையும் கொடிமரத்தையும் மட்டும் காட்டும் அருங்காட்சியகம் பாதிப் பேருக்கு மட்டுமே உரியதாகும். அன்று வெளியே நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று குழுவில் இருக்கின்றார்களா என்று பாருங்கள். இல்லையென்றால், பொருள் சேர்ப்பதற்கு முன் அவர்களைச் சேருங்கள்.

இதற்கு மறுபுறமும் உண்டு. உண்மையைக் காட்டுகிறோம் என்று திருமுழுக்குப் பதிவேட்டைக் கண்ணாடிப் பெட்டியில் விரித்து வைத்தல் தகாது. அதில் தந்தை பெயர் எழுதப்படாத குழந்தைகள் உண்டு. பழைய ஏடுகளில் சாதி குறித்திருப்பதும் உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் நம்மோடு திருப்பலிக்கு வருகின்றார்கள். அவ்வேடுகள் பங்கு அலுவலகத்திலேயே இருக்கட்டும். ஆய்வுக்கு வேண்டியதைப் பங்குத் தந்தை பார்த்துச் சொல்வார்.

திறந்து வைப்பதைக் குறித்து நீண்ட ஆலோசனை வேண்டா. நாள்தோறும் திறப்போம் என்று பலகை எழுதிவிட்டுப் பூட்டி வைப்பதைவிட, ஞாயிறு திருப்பலிக்குப்பின் இரண்டு மணி நேரம் தவறாமல் திறப்பது மேல். அந்நேரத்தில் இருவர் இருந்தால் ஒருவர் வருவோர்க்குக் காட்டட்டும். மற்றவர் நோட்டும் கையுமாய் உட்கார்ந்து முதியோர் சொல்வதை எழுதட்டும். சொன்னவர் பெயரும் வயதும் நாளும் மேலே இருக்க வேண்டும். உபதேசியார் ஊர் ஊராய் நடந்த காலம், பாஸ்கா நாடகத்தில் யூதாசு வேடம் கட்டியவர் பட்ட பாடு, பெரிய வியாழன் முதல் மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டி ஒலித்த வழக்கம் ஆகியவற்றைச் சொல்ல இன்னும் சிலர் இருக்கின்றனர்.

கழகத்தில் சேராத குடும்பங்களும் இவ்வாரமே செய்யத்தக்க வேலை ஒன்று உண்டு. உங்கள் வீட்டில் முதல் நற்கருணைப் படமோ, திருமணக் குழுப் படமோ சட்டத்துக்குள் இருக்கும். பாட்டியாரை அருகில் அமர்த்தி, இடமிருந்து வலமாக ஒவ்வொருவரும் யார் என்று கேளுங்கள். படத்தைக் கழற்றி, பின்புறம் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், ஓரமாக எழுதுங்கள். மைப்பேனா வேண்டா, மை ஊறி முன்பக்கத்து முகத்தில் தெரியும்.