உழைக்கும் கைகளை மதிக்கிறோமா?



கண்டியை அடுத்த ஹுரிகடுவ கிராமம் அரக்குக் கைவினைக்குப் பெயர்பெற்றது. கண்டி மன்னர் காலந்தொட்டு வழிவழியாக வரும் கலை இது. மரத்துண்டைக் கடைசலில் பூட்டிச் சுழலவிட்டு, உளியால் கடைந்து கிண்ணமாகவும் சிமிழாகவும் உருவாக்குவர். பின்னர் சுழலும் மரத்தின்மீதே வண்ண அரக்கை அழுத்திப் பிடிப்பர். உராய்வில் எழும் வெப்பத்தால் அரக்கு உருகி மரத்தில் படியும். ஓலை நறுக்கால் தேய்த்ததும் பளபளக்கும். அங்கே தூரிகைக்கு வேலையில்லை. உழைப்பின் சூடே மரத்திற்கு நிறம் தருகிறது.

கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, கண்டிய கைவினைஞரின் தொழில்முறைகளை நுணுகி ஆராய்ந்து 1908இல் ஆங்கிலத்தில் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். அழகிய பொருள்களோடு, அவற்றைச் செய்த கைகளையும் அவர் கண்டார்.

நாம் காண்கிறோமா? "ஒழுங்காகப் படி, இல்லாவிட்டால் கூலி வேலைக்குத்தான் போவாய்" என்று பிள்ளையை அதட்டுகிறோம். கொழுந்து பறித்துக் கறுத்த விரல்களோடு அடுத்த அறையிலிருக்கும் பாட்டியின் செவியிலும் அது விழுகிறது. அந்தப் பிள்ளையின் கல்விக்கு அடித்தளமிட்டவை அந்த விரல்களல்லவா?

பெற்றோரின் ஏக்கம் தவறன்று. மலையகத்தில் உழைத்தவர் பட்ட துயரை அவர்கள் அறிவர். ஆனால் இழிவு உழைப்பில் இல்லை. உழைப்பவருக்கு உரியதை மறுப்பதில் இருக்கிறது. பிடித்துவைக்கப்பட்ட கூலியே ஆண்டவரை நோக்கிக் கூக்குரலிடுகிறது என எச்சரிக்கிறார் யாக்கோபு (5:4). கைவினைஞரிடம் இரக்கமின்றிப் பேரம் பேசும் நாமும் அந்த எச்சரிக்கைக்கு உட்பட்டவர்களே.

கல்விமானைப் போற்றும் சீராக் 38ஆம் அதிகாரம், உழவரையும் கொல்லரையும் குயவரையும் மறக்கவில்லை. அவர்களின்றி நகர் இல்லை என்றும், அவர்களின் தொழிலே அவர்களின் மன்றாட்டு என்றும் அது கற்பிக்கிறது. நாசரேத்து மக்களோ, 'இவர் தச்சர்தானே' என்று இயேசுவை ஏற்க மறுத்தனர் (மாற்கு 6:3). உழைக்கும் கைகளை இகழ்ந்தவர்கள், தங்கள் நடுவே நின்ற மீட்பரையே இழந்தனர்!

1955இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், மே 1ஆம் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். ஆண்டுக்கு ஒருநாள் அவரை வணங்கிவிட்டு, எஞ்சிய நாள்களில் தொழிலாளரை இகழ்வது பக்தியாகாது. திருப்பலியில் நாம் ஒப்புக்கொடுக்கும் அப்பமும் இரசமும் மனித உழைப்பின் பயனன்றோ!

இன்று குடும்ப செபம் முடிந்ததும், உங்கள் பிள்ளையை அழைத்துச் சென்று பாட்டியின் கைகளை முத்தமிடச் செய்யுங்கள். "இந்தக் கைகளால்தான் நாம் வாழ்கிறோம்" என்று சொல்லிக்கொடுங்கள். பிள்ளை படிக்கட்டும், உயரட்டும். ஆனால் வெட்கத்தோடன்று, நன்றியோடு உயரட்டும்.

தச்சுப் பட்டறையில் உழைத்த ஆண்டவர் நம் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக!