குடிநீரில் வளரும் புல்வெளிகள்: மாற்று நீரைத் தேட வேண்டிய பூங்கா நகரம்

பெங்களூரு: வீட்டுத் தோட்டத்துக்குக் குடிநீரைப் பாய்ச்சினால் ரூ.5,000 அபராதம். 'பூங்கா நகரம்' எனப் பெயர் பெற்ற பெங்களூருவில் 2024-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பிறப்பிக்கப்பட்ட இந்த உத்தரவு, 2025 பிப்ரவரியில் மீண்டும் பிறப்பிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில், நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் வழங்கும் காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. அதன் பிறகும் தடை திரும்பியிருப்பது, இது ஒரு கோடையின் சிக்கல் மட்டுமன்று என்பதை உணர்த்துகிறது.

தடையின் பின்னணி

2024 கோடையில் நகரின் அன்றாடத் தேவை சுமார் 260 கோடி லிட்டர். காவிரியிலிருந்து கிடைத்தது ஏறத்தாழ 147 கோடி லிட்டர். எஞ்சியதில் பெரும்பகுதியை ஆழ்துளைக் கிணறுகளே ஈடுசெய்து வந்தன. மழை பொய்த்ததால், சுமார் 14,000 கிணறுகளில் 6,900 வறண்டுவிட்டதாக முதல்வர் சித்தராமையா தெரிவித்தார். நாளொன்றுக்கு 50 கோடி லிட்டர் பற்றாக்குறை நிலவியது.

இதையடுத்து, வாகனங்களைக் கழுவுதல், தோட்டம், கட்டுமானம், அலங்கார நீரூற்று ஆகியவற்றுக்குக் குடிநீரைப் பயன்படுத்த பெங்களூரு குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீர் வாரியம் தடை விதித்தது. தொடர்ந்து மீறுவோருக்கு நாள்தோறும் ரூ.500 கூடுதல் அபராதம் என்றும் அறிவித்தது. முதல் சில நாட்களிலேயே 22 குடும்பங்களிடம் ரூ.1.1 லட்சம் வசூலிக்கப்பட்டது.

புல்வெளியும் பூச்செடியும் ஒன்றல்ல

தடை உத்தரவு எல்லாத் தோட்டங்களையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கிறது. ஆனால், அவற்றின் நீர்த் தேவை ஒன்றல்ல.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது ஒரு லிட்டர். பெங்களூரு போன்ற நகரில் கோடையில் பசுமை மாறாத புல்வெளிக்கு நாளொன்றுக்கு 4 மில்லிமீட்டர் அளவு நீர் தேவை எனக் கொண்டால், 100 சதுர மீட்டர் புல்வெளி 400 லிட்டரைக் குடித்துவிடும். நகர்ப்புறத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் குடிநீர் வழங்கல் அளவுகோல். அதாவது, நடுத்தர அளவுள்ள ஒரு புல்வெளி மூன்று பேரின் பங்கை எடுத்துக்கொள்கிறது.

இதற்கு மாறாக, அரளி, செம்பருத்தி, காகிதப்பூ, நித்தியகல்யாணி போன்றவை வேரூன்றிய பின் குறைந்த நீரிலேயே பூக்கக்கூடியவை. வேரடியில் சருகு மூடாக்கு இட்டு, சொட்டு நீர் அளித்தால் தேவை மேலும் குறையும். அருகம்புல் வகைப் புல்வெளிகள் கோடையில் பழுப்பேறினாலும், வேர் உயிரோடு இருந்தால் முதல் மழையில் துளிர்த்துவிடும். ஆண்டு முழுவதும் பச்சை என்ற எதிர்பார்ப்பே நீரை விழுங்குகிறது, புல் அன்று.

இந்நகரின் வரலாறும் இதையே சொல்கிறது. 1908-இல் லால்பாக் பொறுப்புக்கு வந்த ஜெர்மானியத் தோட்டக்கலை நிபுணர் கிரும்பிகல், ஒன்று பூத்து ஓய்கையில் மற்றொன்று பூக்கும் வகையில் சாலையோர மரங்களைத் தேர்வு செய்து நடும் முறையைக் கொண்டுவந்தார். கோடை தொடங்கும்போது பெங்களூருவை வண்ணமயமாக்கும் தபேபுயா, ஜகரண்டா மரங்களுக்கு யாரும் அன்றாடம் குழாய் பிடிப்பதில்லை. 'பூங்கா நகரம்' என்ற அடையாளத்தில் பூமரங்களின் பங்கு பெரிது. அதைக் காக்க வீட்டு முற்றத்துப் புல்வெளி கட்டாயமன்று.

நீர் இருக்கிறது, குழாய் இல்லை

தோட்டத்துக்கு ஏற்ற நீர் நகரிலேயே உருவாகிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்டாயம். நகரின் சுத்திகரிக்கப்பட்ட நீரில் நாளொன்றுக்கு 44 கோடி லிட்டரை அண்டை மாவட்டமான கோலாரின் ஏரிகளுக்கு அனுப்பும் திட்டம் 2018 முதல் செயல்படுகிறது. வறண்ட மாவட்டத்தின் ஏரிகளை நிரப்பும் நீர், நகரின் பல புல்வெளிகளை இன்னும் எட்டவில்லை.

மழைநீரின் நிலையும் இதுவே. 2009 முதல் குறிப்பிட்ட பரப்புக்கு மேற்பட்ட மனைகளில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆண்டுக்குச் சுமார் 970 மில்லிமீட்டர் மழை பெறும் இந்நகரில், 100 சதுர மீட்டர் கூரையில் விழும் நீர் ஏறத்தாழ 97,000 லிட்டர். ஆயினும், ஜனவரி முதல் மார்ச் வரை மழை மிகக் குறைவு. சிறிய தொட்டியில் சேரும் நீர் அதுவரை தாங்காது; நிலத்தடியைச் செறிவூட்டினால்தான் பயன்.

சுத்திகரித்த நீருக்கும் வரம்புண்டு. உப்பு மிகுந்திருந்தால் மண்ணின் தன்மை கெடும். தரம் சோதிக்கப்பட வேண்டும். அதைவிடப் பெரிய இடைவெளி வசதியில் இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் இரட்டைக் குழாய் அமைக்கலாம். தனி வீட்டுக்காரருக்கும், பூச்செடி விற்றுப் பிழைக்கும் சிறு நாற்றுப்பண்ணைக்கும் அந்த நீரைக் கொண்டுசேர்க்க வழி வேண்டும். மாற்று நீரைத் தராமல் விதிக்கப்படும் தடை, புல்வெளி வைத்திருப்பவரையும் பத்துத் தொட்டிகளில் ரோஜா வளர்ப்பவரையும் ஒரே குற்றவாளியாக்குகிறது.

காவிரி நீரின் விலை

இந்நகருக்குக் காவிரி நீர் எளிதில் கிடைத்துவிடவில்லை. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக்கு ஏற்றப்பட்டே அது வந்து சேர்கிறது. 2018 பிப்ரவரி தீர்ப்பில், பெங்களூருவின் குடிநீர் மற்றும் வீட்டு உபயோகத் தேவைக்காக 4.75 டி.எம்.சி. நீரை உச்ச நீதிமன்றம் கூடுதலாக ஒதுக்கியது. அதே தீர்ப்பில் தமிழகத்தின் பங்கு 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைந்தது. கீழ்ப்பகுதி விவசாயிகள் விட்டுக்கொடுத்த நீர், குடிப்பதற்குத்தான் பயன்படுகிறதா என்ற கேள்விக்கு நகரம் பதில் சொல்லியாக வேண்டும்.

கோடைதோறும் அபராதம் அறிவிப்பது நெருக்கடி நேரத்து நடவடிக்கை. நிலையான தீர்வுக்கு, தோட்டத்தைத் தடை செய்வதைவிட நீரின் மூலத்தை வரையறுப்பதே பொருத்தம்: குடிநீர் குடிப்பதற்கு, சுத்திகரித்த நீர் செடிகளுக்கு, புல்வெளி மழைக்காலத்துக்கு. சுத்திகரித்த நீர் வீட்டு வாசல் வரை வந்துவிட்டால், பூக்கள் மீது அபராதம் விதிக்க வேண்டிய நிலை இந்நகருக்கு வராது.